அடுத்த பாட்டு யாருடையது?

இந்த வாரம் விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது நாவலும் இல்லை, சினிமாவும் இல்லை. ஒரு பாஷை. சுமார் நூறு வார்த்தைகளே உள்ள குட்டி பாஷை. அதில் கவிதை எழுத முடியாது, காதலைச் சொல்ல முடியாது. 'பாடு', 'நிறுத்து', 'அடுத்தது', 'சத்தத்தைக் குறை' என்கிற மாதிரி கட்டளை போடலாம், அவ்வளவுதான். கட்டளைக்குக் கீழ்ப்படிவது மனிதர் இல்லை. நெட்வொர்க்கில் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து பாட்டுப் போடுகிற கம்ப்யூட்டர்.

அந்தப் பாட்டுக்காரனின் பெயர் எம்.பி.டி. விரித்தால் மியூசிக் ப்ளேயர் டீமன். 'டீமன்' என்றதும் பயப்பட வேண்டாம். திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராமை யூனிக்ஸ்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம்மூர் எல்லை முனி மாதிரி. கண்ணில் படாது, ஆனால் இருக்கும். 2003-ல் வாரன் டியூக்ஸ் என்பவர் எழுதத் தொடங்கியது. பிற்பாடு மாக்ஸ் கெல்லர்மன் பொறுப்பில் வளர்ந்து இன்னும் உயிரோடு இருக்கிறது. இலவசம். உள்ளங்கையளவு கம்ப்யூட்டரில்கூட ஓடும்.

பாட்டுகள் சர்வரில் இருக்கும். பித்தான் உங்கள் செல்போனில் இருக்கும். இரண்டும் பேசிக்கொள்ள ஒரு நடைமுறை வேண்டுமல்லவா, அதற்குத்தான் இந்த நூறு வார்த்தைகள். கம்ப்யூட்டர்காரர்கள் 'ப்ரோட்டோகால்' என்பார்கள். கலெக்டர் ஆபீஸிலும் அந்த வார்த்தை உண்டு. யார் முன்னால் போவது, யார் மாலை போடுவது என்ற ஒழுங்கு. அர்த்தம் ஏறக்குறைய ஒன்றுதான். கடைசியில் நான் குறை சொல்லப்போவதும் அந்த 'யார் முன்னால்' சமாசாரத்தைத்தான்.

அதற்கு முன் ஒரு குட்டிச் சரித்திரம். 1889 நவம்பர் 23-ம் தேதி, சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒரு மதுக்கடையில் லூயி கிளாஸ் என்பவர் எடிசன் போனோகிராஃப் ஒன்றைக் காசு போட்டால் பாடும்படி செய்து வைத்தார். ஜூக்பாக்ஸின் கொள்ளுத்தாத்தா அதுதான். காசு போட்டவர் குழாயைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். அவர் காசு, அவர் பாட்டு, அவர் காது. சண்டையே கிடையாது. பிற்பாடு ஒலிபெருக்கி வந்தது. காசு போடுவது ஒருவர், கேட்கவேண்டியது கடையில் இருக்கும் அத்தனை பேரும் என்று ஆயிற்று. பொது இடத்தில் பாட்டு என்பது அன்றிலிருந்து அரசியல்.

* * *

இப்போது பெருமாநல்லூர் வாருங்கள். திருப்பூரிலிருந்து கோபி போகிற ரோடு, கோவை - சேலம் நெடுஞ்சாலையைச் சந்திக்கிற ஊர். கொண்டத்துக் காளியம்மன் கோயிலில் பங்குனிக் குண்டம் என்றால் சுற்றுவட்டாரமே திரண்டுவிடும். அந்தப் பக்கம் நடுத்தரமான ஒரு பனியன் கம்பெனியை மனசுக்குள் கட்டிக்கொள்ளுங்கள். தையல் ஹாலில் ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று வரிசை வரிசையாக மெஷின்கள். ஊடே கைமடி பார்க்கிற பிள்ளைகள். கோடியில் செக்கிங் டேபிள். வழக்கமாகக் காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒரு ஷிப்ட் முடியச் சாயங்காலம் ஐந்தரை. ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரி எட்டரை. மேலே ஸ்பீக்கர். பாட்டு இல்லாமல் மெஷின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் ஒரே தோள்பட்டைத் தையலைப் போட்டுப் பாருங்கள், ஸ்பீக்கரின் அருமை தெரியும்.

இந்த ஹாலில் எம்.பி.டி.யை வைத்தால் என்ன ஆகும்? அந்தக் கண்ணோடுதான் இந்தப் பாஷையைப் பார்க்கப்போகிறோம்.

முதலில் பாராட்டு. வரவேண்டியது வந்தே ஆகவேண்டும்.

சர்வரின் 6600 என்ற வாசலைத் தட்டினால் போதும். 'ஓகே எம்.பி.டி.' என்று சொல்லித் தான் பேசும் பாஷையின் பதிப்பு எண்ணையும் சேர்த்துச் சொல்லும். வணக்கம் சொல்லிவிட்டு வயதையும் சொல்வது மாதிரி. அதைப் பார்த்து, இவரிடம் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று வந்தவர் தெரிந்துகொள்வார். 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு வார்த்தை தட்டுங்கள். சத்தம் 70, நிலை: பாடிக்கொண்டிருக்கிறது, வரிசையில் இத்தனை பாட்டு, ஓடியது இத்தனை விநாடி என்று வரிக்கு ஒரு தகவலாகக் கொட்டிவிட்டு, கடைசியில் 'ஓகே'. 'கரன்ட்சாங்' என்றால் இப்போதைய பாட்டின் ஜாதகம். 'செட்வால் 40' என்றால் சத்தம் இறங்கும். 'நெக்ஸ்ட்' என்றால் அடுத்தது. இதைப் படிக்க இன்ஜினீயரிங் காலேஜ் போகவேண்டியதில்லை. ஒன்பதாம் கிளாஸ் இங்கிலீஷ் போதும். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசுவதை மனிதன் நடுவில் நின்று வாசிக்க முடிகிறது என்பது இன்றைக்கு அபூர்வமான மரியாதை.

இன்னொரு நல்ல வார்த்தை 'ஐடில்'. ஆரம்ப காலத்தில் செல்பேசிப் பக்கம் இருக்கும் புரோகிராம்கள் விநாடிக்கொரு தரம் சர்வரைக் குடைய வேண்டியிருந்தது. பாட்டு மாறிடுச்சா, மாறிடுச்சா? பஸ்ஸில் குழந்தை 'ஊர் வந்துருச்சாப்பா' என்று நச்சரிப்பதுபோல. 0.14 பதிப்பில் 'ஐடில்' வந்தது. 'ஐடில்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், ஏதாவது மாறும்போது சர்வரே தட்டி எழுப்பி, மாறியது சத்தமா, வரிசையா, பாட்டா என்று சொல்லும். காத்திருப்பதற்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிற பாஷையை எனக்குப் பிடிக்கும்.

தப்பு நடந்தால் அதைச் சொல்லும் விதத்திலும் ஒரு தொழில் நேர்மை தெரிகிறது. ஐந்தாறு கட்டளைகளைக் கட்டாகக் கட்டி ஒரே மூச்சில் அனுப்பலாம். நடுவில் ஒன்று தோற்றால் அங்கேயே நின்றுவிடும். என்ன ரகத் தப்பு, கட்டில் எத்தனையாவது கட்டளை, எந்தக் கட்டளை, என்ன காரணம் என்று நான்கையும் ஒரே வரியில் சொல்லும். செக்கிங் டேபிளில் பீஸைத் திருப்பி அனுப்பும்போது தப்பு இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள், பார்த்திருப்பீர்கள். அதே பழக்கம். 'பீஸ் சரியில்லை' என்று மொட்டையாகச் சொல்வதில்லை.

ஆனால் அந்த வரியின் முதல் வார்த்தைதான் கோளாறு. தப்பு என்பதற்கு எம்.பி.டி. வைத்திருக்கும் சொல் 'ஆக்'. தகவல்தொடர்பு உலகம் முழுவதும் 'ஆக்' என்றால் 'கிடைத்தது, சரி' என்று அர்த்தம். கம்ப்யூட்டர்களின் ஆஸ்கி எழுத்து அட்டவணையில் 6-ம் எண் அதற்கு, 'கிடைக்கவில்லை' என்பதற்கு 21-ம் எண். அப்படியிருக்க இந்தப் பாஷையில் மட்டும் 'ஆக்' என்றால் ஐயோ. தலையை மேலும் கீழும் ஆட்டி 'மாட்டேன்' என்கிற ஆசாமி மாதிரி. காமிக்ஸில் திடுக்கிட்டவர்கள் 'ஆக்!' என்று அலறுவார்களே, அப்படி வாசித்தால் ஒரு மாதிரி சமாதானம் ஆகிறது. இன்னொரு சில்லறைக் குறை: வரிசையில் முதல் பாட்டுக்கு எண் பூஜ்யம். நீங்கள் ஐந்தாவது பாட்டைக் கேட்டு 5 என்று தட்டினால் ஆறாவது பாடும். இது கம்ப்யூட்டர் ஜாதிக்கே உரிய வியாதி. மன்னித்துவிடலாம்.

* * *

தமிழுக்கு வருவோம். இங்கே எம்.பி.டி.க்கு முழு மார்க். அது பேசுவது முழுக்க யூ.டி.எஃப்.-8. 'பாட்டு' என்று தமிழில் எழுதி அனுப்பினால் 'பாட்டு' என்றே திரும்பி வரும். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இதன் பங்காளி ஒருவரைப் பாருங்கள். ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற நெட்வொர்க் பாட்டுப் பெட்டிக்கான சர்வர். ஸ்லிம் டிவைசஸ் கம்பெனி செய்தது. 2006-ல் லாஜிடெக் வாங்கியது, 2012-ல் பெட்டியைக் கைவிட்டது. சர்வரை மட்டும் ரசிகர்கள் விடாமல் பிடித்துக்கொண்டு, இப்போது லிரியன் என்ற பெயரில் ஓடுகிறது. அதற்கும் இதேபோல் ஒரு கட்டளை பாஷை உண்டு, வாசல் 9090. அங்கே ஆங்கிலமல்லாத எழுத்தெல்லாம் சதவிகிதக் குறி போட்ட சங்கேதமாகத்தான் போய் வரவேண்டும். 'பாட்டு' என்ற மூன்றெழுத்துக்கு 54 குறிகள். கம்பெனிக்காரர் கணக்கில் சொன்னால், ஒரு பனியனை மடிக்கப் பதினெட்டு அட்டைப்பெட்டி.

ஆனால் பங்காளியிடம் ஒரு நல்ல குணம். பெட்டிக்குப் போடுகிற ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் எந்தப் பெட்டி, எந்த அறை என்று சொல்லவேண்டும். இதை ஞாபகத்தில் வையுங்கள், திரும்ப வருவேன்.

முழு மார்க் போட்ட கையோடு கொஞ்சம் கழிக்கவும் வேண்டும். ஒரு பாட்டைப் பற்றிச் சொல்ல எம்.பி.டி. வைத்திருக்கும் கட்டங்களின் பட்டியலைப் பாருங்கள். பாடியவர், ஆல்பம், தலைப்பு, இசையமைத்தவர் எல்லாம் உண்டு. இசைக்குழுவை நடத்தியவருக்கு ஒரு கட்டம், குழுவுக்கு ஒரு கட்டம், ஸிம்ஃபனியின் எத்தனையாவது பகுதி என்பதற்கு ஒரு கட்டம். பாட்டை எழுதியவருக்கு? கிடையாது. கண்ணதாசனுக்கும் வாலிக்கும் அந்த வீட்டில் நாற்காலி இல்லை. எம்.பி.3 கோப்புக்குள்ளேயே பாடலாசிரியருக்கென்று தனிக் கட்டம் இருந்தும் எம்.பி.டி. அதைக் கண்டுகொள்வதில்லை. 'கண்ணதாசன் பாட்டா நாலு போடு' என்று நம்மவர் எத்தனை பேர் கேட்கிறோம்! எந்தப் பட்டியலும் தயாரித்தவரின் ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். இது பியானோ இருக்கிற வீட்டில் எழுதிய பட்டியல்.

* * *

இதெல்லாம் சின்ன விஷயங்கள். பெரிய விஷயம் இனிதான்.

ஹாலுக்குத் திரும்புவோம். நாற்பது பேர். அத்தனை பேர் கையிலும் செல்போன். எல்லோரும் எம்.பி.டி.யிடம் பேசலாம் என்று வையுங்கள். மதுரை, தேனிப் பக்கமிருந்து வந்த அக்கா இளையராஜா கேட்கிறார். பக்கத்து மெஷின் ஒடிசா பையன் அவன் ஊர்ப் பாட்டு கேட்கிறான். ஜார்க்கண்ட் பிள்ளைகள் இந்தி. உள்ளூர் கைமடிப் பையன் நேற்று வெளிவந்த குத்துப்பாட்டு. எல்லாம் ஒரே வரிசையில் சேரும். நல்லதுதானே? அப்போது யாரோ ஒருவர் 'க்ளியர்' என்று ஒரு வார்த்தை தட்டுகிறார். மொத்த வரிசையும் காலி. யார் தட்டியது? சர்வருக்குத் தெரியாது. அது கேட்டுவைத்துக்கொள்வதே இல்லை. வந்த கட்டளைக்கு 'ஓகே' சொல்வது மட்டும்தான் அதன் வேலை.

'கில்' என்றுகூட ஒரு கட்டளை உண்டு. சர்வரையே மூடிவிடும். பயன்படுத்தாதீர்கள் என்று கையேடே சொல்கிறது. கெட்ட வார்த்தையை அகராதியில் சேர்த்துவிட்டு, பக்கத்தில் 'சொல்லக்கூடாது' என்று எழுதி வைப்பது மாதிரி.

பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அது வைத்துச் சிலருக்குப் பார்க்க மட்டும், சிலருக்குப் பாட்டுச் சேர்க்க, சிலருக்கு எல்லாமும் என்று அதிகாரத்தைப் படிப்படியாகப் பிரிக்கலாம். பாஸ்வேர்டே வைக்காவிட்டால் வருகிற எல்லாரும் முதலாளி. வைத்துவிட்டால் சூப்பர்வைசர் முதலாளி. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதே, 'இப்ப உன் பாட்டு, அடுத்து என் பாட்டு' என்று. அதற்கு இந்தப் பாஷையில் வார்த்தை இல்லை.

சர்வர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஹோட்டல் சர்வர் பேப்பரே இல்லாமல் ஆறு டேபிள் ஆர்டரை வாங்கிக்கொண்டு போவார். ஊத்தப்பத்தைக் கொண்டுவரும்போது நேராக ஊத்தப்பக்காரர் முன்னால்தான் வைப்பார். எம்.பி.டி. என்கிற சர்வர் சமையலைச் சரியாகச் செய்கிறது. ஆர்டர் கொடுத்தது எந்த டேபிள் என்பதைத்தான் சமையல்கட்டு வாசலிலேயே மறந்துவிடுகிறது.

பாட்டுக் கேட்பதில் நமக்கு 'யார்' என்பது எப்போதுமே பாதி ருசி. இலங்கை வானொலிக்குத் தபால் கார்டு போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாட்டு எப்படியும் என்றைக்காவது வரும். ஆனால் கே.எஸ். ராஜாவோ அப்துல் ஹமீதோ உங்கள் பெயரையும் ஊரையும் உச்சரிக்கிற அந்த ஒரு விநாடிக்காகத்தான் தெருவே ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கும். அந்தத் தபால் கார்டும் ஒரு ப்ரோட்டோகால்தான். அதில் பாட்டுக்கு ஒரு வரி, பெயருக்கு ஒரு வரி.

அப்படியானால் எம்.பி.டி.யிலும் பெயரைச் சேர்த்துவிட்டால் போதுமா? இங்கேதான் நின்று யோசிக்கவேண்டும். ரேடியோவில் பெயர் வருவது சந்தோஷம். வேலை செய்கிற ஹாலில் பெயர் பதிவது வேறு. எந்தப் பிள்ளை எத்தனை தடவை பாட்டு மாற்றினாள் என்ற கணக்கு, சாயங்காலம் பீஸ் கணக்கோடு சேர்ந்து யார் மேஜைக்குப் போகும் என்று சொல்லவேண்டியதில்லை. தொழிற்சாலைப் பாட்டின் சரித்திரம் அப்படி. 1940 ஜூனில் பி.பி.சி. 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்று தொழிலாளர்களுக்காகவே ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. யுத்த காலம், உற்பத்தி பெருக வேண்டும். விறுவிறுப்பான பாட்டு மட்டும், தூங்கவைக்கிற பாட்டு கூடாது. கூடவே தாளம் தட்டவைக்கிற பாட்டும் கூடாது. தட்டினால் கை மெஷினை விட்டுவிடுமே! 1967 வரை ஓடியது. கேட்பவர் தொழிலாளி, தேர்ந்தெடுப்பவர் வேறு ஆள். பெயரில்லாமல் பேச முடிவது எளியவருக்கு ஒரு பாதுகாப்பு. அந்த அளவில் எம்.பி.டி.யின் மறதி ஒரு நல்ல குணமும்கூட.

ஆகவே பெயர் வேண்டாம். முறை வேண்டும்.

'முறை' என்பதைக் கொங்கு நாட்டுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெருமாநல்லூருக்குக் கிழக்கே, பெருந்துறைப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்திருக்கிறார்கள். இந்த வருஷம் ஒரு பாதிக்கு நெல்லுக்குத் தண்ணீர், மறு பாதிக்குப் புஞ்சைப் பயிருக்கு. அடுத்த வருஷம் மாற்றிக்கொள்வார்கள். தெற்கே பல்லடம், பொங்கலூர்ப் பக்கம் பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனம், நான்கு மண்டலமாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக. தண்ணீர் போதவில்லை என்று போராட்டம் நடக்கும், மனு கொடுப்பார்கள், முறை தவறிவிட்டது என்று சண்டையும் வரும். ஆனால் 'முறை தவறிவிட்டது' என்று சொல்லவே முதலில் முறை என்று ஒன்று இருக்கவேண்டுமே. மதகு எண்ணில் யாருடைய பெயரும் இல்லை. இது எந்த மதகு, இன்றைக்கு யார் முறை என்று தெரிந்தால் போதும். 'எந்த அறை' என்று கேட்கிற அந்தப் பங்காளி சர்வரும் பாதி தூரம் இந்த வழியில் வந்தவன்தான்.

எம்.பி.டி.க்காக வாதாடுகிறவர்கள் சொல்வதையும் கேட்போம். 'வரிசைக்கு முன்னுரிமை எண் தரலாமே' என்பார்கள். தரலாம், 0-விலிருந்து 255 வரை. ஆனால் பாட்டுகளைக் கலைத்துப் போடும்போது மட்டும்தான் அது செல்லும். தவிர, எல்லாரும் தன் பாட்டுக்கு 255 போட்டால்? 'பார்ட்டிஷன் வசதி இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. ஒரே சர்வருக்குள் ஆளுக்கொரு வரிசை, ஆளுக்கொரு ஸ்பீக்கர். சொத்தில் பாகம் பிரித்துக்கொள்வது மாதிரி. கட்டிங்குக்கு ஒன்று, செக்கிங்குக்கு ஒன்று என்றால் சரி. ஒரே ஹாலில் காற்றை எப்படிப் பாகம் பிரிப்பது? கடைசியாக ஒன்று சொல்வார்கள், அதுதான் பலமான வாதம்: 'பாட்டுப் போடுவது சர்வர் வேலை. நியாயம் பார்ப்பது அதற்கு மேலே உட்காரும் புரோகிராமின் வேலை. பாட்டுக்குக் குறிப்பு ஒட்ட வசதி தந்திருக்கிறோம். புரோகிராம்கள் தங்களுக்குள் சேதி அனுப்பவும் வசதி தந்திருக்கிறோம். முறை வேண்டுமென்றால் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்.'

நியாயமான பேச்சுதான். இத்தனை வருஷம் இந்தப் பாஷை செத்துப்போகாமல் இருப்பதற்கே காரணம், அது எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்ளாததுதான். எல்லாம் தெரிந்த பாஷைகள் பல அல்பாயுசில் போயிருக்கின்றன. ஆனாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஒரு பாஷையில் ஒன்றுக்குப் பெயரே இல்லையென்றால், அந்தப் பாஷையில் பழகுகிறவர்கள் அதை நினைப்பதும் குறையும். இந்தப் பாஷையை எழுதும்போது மனசில் இருந்தது, ஒரு வீடு, ஒரு மனிதர், அவருடைய பாட்டு, கையில் ஒரு ரிமோட் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த வீட்டுக்கு இது அருமையான பாஷை. நாற்பது பேர் ஹாலுக்கு, பாதி பாஷை.

அந்த மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. அந்த ஒடிசா பையன் ஊரைவிட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்து தைக்கிறான். போர்டெல்லாம் தமிழ், திட்டுகூடத் தமிழ். ஒன்றரை ஷிப்டில் அவன் பாஷைப் பாட்டு ஒன்று, நாலே நிமிஷம், யாரும் 'க்ளியர்' பண்ணாமல் முழுசாகப் பாடி முடிந்தால் அவனுக்கு அது என்ன என்பதை எந்த 'ஸ்டேட்டஸ்' வரியும் சொல்லாது. பக்கத்து மெஷின் அக்கா தலையை ஆட்டிக்கொண்டே, "இதுவும் நல்லாத்தான் இருக்குது, இன்னொருக்கா போடச் சொல்லு தம்பி" என்று சொல்லவும் கூடும். அதற்கு முதலில் அவன் முறை வரவேண்டும்.

நீங்கள் கம்பெனியோ, ஹாஸ்டலோ, டீக்கடையோ நடத்துகிறவராக இருந்து, பையன்கள் யாராவது 'எம்.பி.டி. போட்டுத் தர்றோம்ங்ணா' என்று வந்தால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். செலவு கம்மி, உழைப்பு நிறைய. பாட்டுச் சேர்ப்பதை எல்லாருக்கும் திறந்துவிட்டு, 'க்ளியர்' மாதிரிக் கட்டளைகளைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். பாடி முடித்த பாட்டு தானாக வரிசையிலிருந்து விலக 'கன்ஸ்யூம்' என்று ஒரு வசதி இருக்கிறது, அதை ஆன் பண்ணச் சொல்லுங்கள். அப்புறம் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, மெஷின் வரிசைகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, இப்போது எந்த வரிசையின் முறை என்று சாக்பீஸால் எழுதுங்கள். கையேட்டில் விட்டுப்போன வார்த்தை அந்தப் பலகையில் இருக்கட்டும்.